வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: வாழ்ந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆடி பிறப்பதற்கு முன்னரே இம்முறை கடிதங்கள் ஒரே திசையில் வரத் தொடங்கிவிட்டன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெஹிவளை என்று கொழும்பின் பல மூலைகளிலிருந்தும் எழுதியவர்கள், தாங்கள் ஒரு காலத்தில் குடியிருந்துவிட்டு வந்த சிறு நகரங்களைப் போய்ப் பார்ப்பது பற்றியே கேட்டிருந்தார்கள். ஆகவே அரசியல், சோதிடம், மாமியார் மருமகள் விவகாரம் ஆகியவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி): காலஞ்சென்ற என் தந்தையார் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தார். 1969 முதல் 1978 ஆம் ஆண்டுச் சூறாவளி வரை புளியந்தீவில் குடியிருந்தோம். நான் வின்சன்ட் மகளிர் பாடசாலையில் படித்தேன். பின்னர் அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்தது, இங்கேயே தங்கிவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு யாத்திரைக் குழுவோடு வேனில் போனபோது காந்தி பூங்காவில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். வாவியைப் பார்த்தேன், படம் எடுத்தேன், திரும்ப ஏறிக்கொண்டேன். இத்தனை காலம் நினைத்து நினைத்து ஏங்கிய ஊர் அது. ஆனால் மனத்தில் ஒன்றும் அசையவில்லை. ஊர் மாறிவிட்டதா, நான்தான் மாறிவிட்டேனா? இன்னொரு முறை தனியே போய்வரலாம் என்று எண்ணுகிறேன். பிள்ளைகள் வீண் செலவு என்கிறார்கள்.

பதில்: அம்மா, தாராளமாகப் போய்வாருங்கள், ஆனால் ஊரைப் பார்ப்பதற்கென்று போகாமல், அங்கே செய்து முடிக்க வேண்டிய ஓர் அலுவலை வைத்துக்கொண்டு போங்கள். இதைப் பலருக்கும் சொல்லி வருகிறேன். கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள்.

வேனிலிருந்து இறங்கி நின்றபோது வாவி உங்கள் முன்னால் விரிந்து கிடந்தது. நீங்கள் புளியந்தீவில் வாழ்ந்த காலத்தில் அது ஒரு நாளும் அப்படி முன்னால் வந்து நின்றிருக்காது. பாடசாலைக்கு நடந்தபோது பக்கவாட்டில் கிடந்திருக்கும்; கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்குத் தந்தையாரின் மதியச் சாப்பாட்டை எடுத்துப் போனபோது மதிலுக்கு அப்பால் கிடந்திருக்கும்; மாரியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பெரியவர்கள் கவலைப்பட்டபோது அவர்களுடைய பேச்சில் இருந்திருக்கும். வேறு ஏதோ வேலையாகப் போகும்போது கடைக்கண்ணில் பட்டுப் பட்டு மனத்தில் படிந்த ஒன்றை, வேலை எதுவுமின்றி நேருக்கு நேர் நின்று பார்த்தால், அது எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் தெரிகிற நீர்ப்பரப்பாகத்தான் தெரியும். குடியிருந்தவர்கள் ஓர் ஊரை அறிவது கால்களாலும், கையில் சுமந்த பைகளாலும், கடை பூட்டிவிடுவார்களோ என்ற அவசரத்தாலும்தான். அந்த அவசரம் சிறிதளவாவது திரும்பக் கிடைத்தால் ஊரும் கூடவே கிடைக்கும்.

உங்களுக்கென்று ஓர் அலுவல் தயாராகவே இருக்கிறது. அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோவில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவடைவதும், தந்தையை இழந்தவர்கள் அன்று அங்கே பிதிர்க்கடன் செய்வதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தந்தையார் இத்தனை ஆண்டு வேலை செய்த ஊரில் அவருக்காக அந்தத் தீர்த்தத்தில் மூழ்கி எழுவதை விடப் பொருத்தமான காரணம் வேறென்ன வேண்டும்? அமாவாசைக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அன்று மட்டும் போனால் சனக்கூட்டத்தை மட்டுமே பார்ப்பீர்கள். முதல் நாள் பயணக் களைப்பில் கழியும். அடுத்த நாள் கடைத்தெருவுக்குப் போய்ப் பூசைக்கு வேண்டியவற்றை வாங்குங்கள், கொழும்பிலிருந்து எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் விலை கேட்டு அலைகின்ற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

இரண்டாவது அலுவலாகப் பாடசாலையைச் சொல்வேன். நூலகத்துக்கென்று நல்ல புத்தகங்கள் சிலவற்றைக் கட்டிக்கொண்டு போய், முன்னரே தொலைபேசியில் பேசி வைத்த நேரத்தில் அதிபரிடம் கொடுங்கள். வெறுங்கையோடு வாசலில் நின்று, பழைய மாணவி, உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்லும்போது காவலாளிக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். இரண்டாந் தவணை முடிந்துவிட்டதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத பாடசாலையைப் பார்த்துப் பயனில்லை.

ஊர் மாறிவிட்டதா என்று கேட்டீர்கள். மாறித்தான் இருக்கிறது, எங்கெங்கே என்று முன்னரே தெரிந்துகொண்டு போனால், தேடிக் களைக்க வேண்டியிராது. மாற்றம் வழியிலேயே தொடங்கிவிடும். மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் புகையிரதமும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்துகொண்டதும், புகையிரதம் கடந்து முடியும்வரை பஸ் காத்து நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். இப்போது இரண்டு இடத்திலும் வாகனங்களுக்குத் தனிப்பாலம் உண்டு. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்துவிட்டது. இது உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த வசதி என்றே சொல்லவேண்டும். வாகன நெரிசல் புதிய பாலத்துக்குப் போய்விட்டதால் பழைய பாலத்தில் ஆறுதலாக நடக்கலாம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை அதே இடத்தில் இருக்கிறது. மாவட்டச் செயலகத்துக்குத் திராய்மடுவில் புதிய கட்டடம் எழுந்திருக்கிறது. திராய்மடு என்றதும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாவலடி அழிந்தபோது, உயிர் தப்பிய குடும்பங்களில் பலவற்றைக் குடியமர்த்தியது அந்தத் திராய்மடுவில்தான். சிறு வயதில் நாவலடிப் பக்கம் கடற்கரைக்குப் போன நினைவு உங்களுக்கு இருந்தால், அங்கே கதை கேட்கத் தொடங்குவதற்கு முன்னர் இது தெரிந்திருக்க வேண்டும்.

சூறாவளியைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1978 நவம்பர் 23 இரவுக்குப் பிறகு நீங்கள் கடைசியாகப் பார்த்த மட்டக்களப்பு, கூரை போன வீடுகளும் முறிந்த தென்னைகளுமாக இருந்திருக்கும். அன்றைக்குப் பிறகு நட்ட கன்றுகள் இன்று முதிர்ந்த மரங்களாக நிற்கின்றன. உங்கள் மனத்தில் இரண்டு மட்டக்களப்புகள் உண்டு, சூறாவளிக்கு முந்தியது ஒன்று, அந்தக் கடைசி வாரங்களில் பார்த்தது இன்னொன்று; வேனில் போனபோது எதனோடு ஒப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பலர் இதில் குழம்பிப்போவதைக் கண்டிருக்கிறேன்.

யாரைத் தேடுவது என்பதில் கிழக்கு மாகாணம் உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. அங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் பழைய வழமை. ஆகவே உங்களோடு படித்த பெண்களில் பலர் தாய்வீட்டிலோ, அதே வளவுக்குள் பிரித்துக் கட்டிய வீட்டிலோ இன்னமும் இருக்க வாய்ப்பு உண்டு. போரும் வெளிநாட்டுப் பயணமும் இந்த ஒழுங்கை எவ்வளவோ கலைத்திருந்தாலும் அது முற்றாக அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்களுக்கு நான் இந்த யோசனையை இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லமாட்டேன். பழைய ஒழுங்கையில் நின்று, கச்சேரியில் வேலை செய்த இன்னாரின் மகள் என்று தந்தையார் பெயரைச் சொல்லுங்கள். யாராவது ஒரு முதியவர், "எங்க புள்ள போயிருந்த இவ்வளவு காலமும்?" என்று கேட்டால், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நீங்கள் 1978 இல் வந்துவிட்டீர்கள். உங்கள் தோழியர் 1990 ஆம் ஆண்டை அங்கேயே இருந்து கடந்தவர்கள். செப்டெம்பர் 1990 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனது போன்ற கதைகள் பல வீடுகளில் உண்டு. அண்ணா எங்கே, உன் கணவர் எங்கே என்று உற்சாகத்தோடு கேட்டுவிடாதீர்கள். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள். சுவரில் மாலையிட்ட படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். 1983 ஜூலையில் கொழும்பில் நீங்கள் பட்டது எதுவாயினும், அதை அந்த முதற்சந்திப்பில் எடுத்து நிறுத்தவும் வேண்டாம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் உதயதேவி புகையிரதம் பகல் முழுவதும் ஓடி உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். தங்குமிடத்தைப் பாசிக்குடாவில் எடுத்துத் தருவதாகப் பிள்ளைகள் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது நல்ல கடற்கரைதான். ஆனால் நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருப்பதால், காலையில் எழுந்து பாலத்தைத் தாண்டி நடந்துபோய் ஒரு தேநீர் குடிக்கிற சுதந்திரம் கிடைக்காது. ஆடியில் கச்சான் காற்று சுடும். குடையும் தண்ணீரும் வேண்டும். பாடும் மீனைக் கேட்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு வேறொரு பயணம் வைக்கவேண்டும், ஏனெனில் அதற்கு நிலவும் அமைதியான நீரும் வேண்டும் என்பார்கள். அமாவாசைக்குப் போய்விட்டுப் பௌர்ணமி நிலவைக் கேட்பது நியாயமில்லை. அடுத்த முறை தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் சொல்லும் வீண் செலவைப் பற்றி: புகையிரதக் கட்டணமும் மூன்று நான்கு நாள் அறை வாடகையும், வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் எடுக்கிற பணத்தை எட்டாது.

கேள்வி (மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர்): நான் யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்தவன், ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்தவன். 1990 அக்டோபரில் எங்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தில் சில காலம் அகதியாக இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். இப்போது வயது போகிறது. ஒரு முறையாவது அந்தத் தெருவில் நடக்க வேண்டும் போல் இருக்கிறது. விரட்டிய ஊரை எதற்குப் போய்ப் பார்க்கிறீர்கள் என்று மகன் கோபிக்கிறான். நான் போனால், நடந்ததை மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது, ஐயா. நீங்கள் அந்தத் தெருவில் நடப்பது, கணக்குத் தீர்ந்தது என்று எவருக்கும் எழுதிக் கொடுக்கிற பற்றுச்சீட்டு அல்ல. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்களுடைய உரிமை. அதைப் பயணச்சீட்டோடு சேர்த்து எவரும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. மகனிடமும் இதைச் சொல்லுங்கள். அவருடைய கோபம் நியாயமானது. அதைத் தணித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் இல்லை.

இந்தப் பத்தியைப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்காகச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. 1990 அக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். பணமும் நகையும் வீட்டுச் சாமான்களும் பறிக்கப்பட்டன. அந்த அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை எழுபதாயிரத்துக்கும் மேல். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995 இல் அதே அக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரண்டாவது நடையைப் பற்றி எனக்கு வருகிற கடிதங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

இனி உங்கள் பயணம். மேலே மட்டக்களப்பு அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், அலுவலோடு போங்கள். உங்களுக்கு அது இன்னும் எளிது. ஒரு வியாழக்கிழமை போய் இறங்கி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை உங்கள் பழைய பள்ளிவாசலில் தொழுங்கள். தொழப் போகிறவர் எவருடைய விருந்தாளியுமல்லர். எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. போர்நிறுத்தக் காலத்திலும் 2009 க்குப் பின்னரும் திரும்பி வந்த குடும்பங்கள் சில அங்கே இருக்கின்றன. தொழுகை முடிந்ததும் அவர்களோடு நடந்தால், எந்த வளவு யாருடையது, எது விற்கப்பட்டது, எது பற்றையாகக் கிடக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். தனியாக நடந்து அந்த வெற்று நிலங்களைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

பழைய தமிழ் அயலவர் எவரையாவது சந்திக்க நேரும். அவர் மனம் நிறைந்து கையைப் பிடித்துக்கொள்வார். அடுத்த நிமிடமே, நாங்களும் 1995 இல் இப்படித்தான் ஓடினோம் என்று சொல்லவும் கூடும். அவர் ஆறுதலாகச் சொல்ல நினைத்தே அதைச் சொல்வார். அது உங்களைக் குத்தினால், குத்துகிறது என்று சொல்லிவிடுங்கள். அமைதியாகச் சொன்னால் கேட்கக்கூடிய வயதுக்கு அவரும் வந்திருப்பார். விருந்தளிக்க நினைக்கும் தமிழ் வீட்டாருக்கு என் யோசனை ஒன்று உண்டு: இறைச்சிக்கறி சமைத்து வைத்துவிட்டு அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டாதீர்கள்; கறுத்தக்கொழும்பான் காலமாயின் மாம்பழமும் நல்ல தேநீரும் போதும்.

மகனை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். அவர் 1990 ஐ உங்கள் வாய்மொழியாக மட்டுமே அறிந்தவர். தெருவில் சிரிக்கிற முகங்களைக் கண்டு உங்களுக்கு வருகிற நெகிழ்ச்சி அவருக்கு வராது, அது வராதது அவருடைய குற்றமுமில்லை.

கேள்வி (தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்): வங்கி வேலையாக எண்பதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மூத்த மகள் பிறந்தது அங்கேதான். அடுத்த மாதம் போகிறோம். இப்போது இருப்பவர்களிடம் கேட்டு அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் உள்ளே என்று கேட்காமல், வளவு என்று கேளுங்கள். கிணறு, முற்றம், பின்பக்கத்து மரம் ஆகியவற்றைக் காட்ட எவரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. அறைகளைக் காட்டச் சொன்னால் அந்த வீட்டுப் பெண், கட்டிலில் குவிந்து கிடக்கும் துணியை நினைத்து இல்லை என்று சொல்லிவிடுவார். மதியச் சமையல் நேரத்திலும் பகல் தூக்க நேரத்திலும் போகவேண்டாம். மாலை ஐந்து மணி நல்ல நேரம். மகளையும் மனைவியையும் முன்னால் விட்டு, நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். இக்காலத்தில் அறிமுகமில்லாத ஆண் ஒருவர் படலையைத் தட்டி, வீட்டைப் பார்க்கவேண்டும் என்றால் காணித் தகராறு வந்துவிட்டது என்றே நினைப்பார்கள். வாடகைக்கு இருந்தோம் என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பலாமரத்தை ஏன் தறித்தீர்கள் என்று மறந்தும் கேட்கக்கூடாது. உங்களுக்கு அது நினைவு, அவர்களுக்கு அது கூரையில் விழுந்த கொப்பு.

இதே கேள்வியைச் சொந்தக் காணி உள்ள சிலரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் வேறு. இலங்கைச் சட்டத்தில் பத்தாண்டு தடையற்ற ஆட்சி உரிமையாக மாறிவிடக்கூடும். போர்க்காலத்தில் தம் காணியைப் பார்க்க முடியாமற்போனவர்களுக்காக 2016 இல் தனிச்சட்டம் ஒன்றும் வந்தது. இவை சட்டத்தரணியிடம் உறுதியோடும் வரைபடத்தோடும் போய்ப் பேசவேண்டியவை. ஊரைப் பார்க்கிற பயணத்தோடு இதைக் கலந்தால் பழைய அயலவர்களெல்லாம் உங்கள் கண்ணுக்குச் சாட்சிகளாகத் தெரியத் தொடங்குவார்கள். எந்த அலுவலும் ஆகும் என்றாலும் இந்த ஒன்று மட்டும் ஆகாது.

மற்றபடி, பிரெட்றிக் கோட்டைப் பக்கத்தில் புள்ளிமான்கள் இப்போதும் தெருவில் திரிகின்றன. மகளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி): என் பிள்ளைகள் கொழும்பில் பிறந்தவர்கள். மன்னாருக்கு அழைத்துப் போய் நான் வளர்ந்த இடங்களைக் காட்டினால், கைத்தொலைபேசியைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் இடங்களைக் காட்டாதீர்கள். இது நான் நடந்த தெரு, இது நான் இருந்த வாங்கு என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போனால், அவர்களுக்கு அது இன்னொருவருடைய பாடப்புத்தகம். தலைமன்னார் வரை புகையிரதத்தில் போங்கள். போரினால் இல்லாமற்போன அந்தப் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. கடலுக்குக் குறுக்கே போகிற பாதையும், மன்னார்த் தெருவில் நிற்கிற கழுதைகளும், ஒரு குடும்பமே கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத பெருக்கமரமும் எந்தப் பிள்ளையையும் தலைநிமிர வைக்கும். நீங்கள் வளர்ந்த கதையை அவர்கள் கேட்கும்போது சொல்லலாம். கேட்காவிட்டால் அந்த மாலை நீங்கள் தனியே போய்வாருங்கள். அம்மா எங்கே போனார் என்று அவர்களே விசாரிக்கட்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்): போகாமலே இருந்துவிட்டால் என்ன?

பதில்: ஒன்றும் குடிமுழுகிப்போகாது. போய்த்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. பழைய அயலவருக்கு மாதம் ஒரு முறை தொலைபேசி எடுத்துப் பேசுகிறவர், பத்தாண்டுக்கு ஒரு முறை போய்ப் படம் எடுத்து வருகிறவரை விட அந்த ஊருக்கு நெருக்கமானவர்.

கேள்வி (வத்தளையிலிருந்து ஒரு வாசகி): பதுளையில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். புகையிரதத்திலேயே போகவேண்டும் என்று ஆசை. கணவருக்கு முழங்கால் வருத்தம். எப்போது போகலாம், என்ன பார்க்கலாம்?

பதில்: ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்; மழை கடுமையாகும்போது மலைநாட்டுப் பாதையில் மண்சரிந்து சேவை தடைப்படுவது வழக்கமாகிவிட்டது. புறப்படும் நாளுக்கு முன்னர் கோட்டை நிலையத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். பாதை பூட்டியிருந்தால் இரத்தினபுரி, ஹல்துமுல்லை வழியாகப் பஸ் இருக்கிறது. நீங்கள் பதுளையில் இருந்தபோது நினைத்த நேரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். இப்போது எல்ல பக்கம் போகிற வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டத்தால் பதிவு தொடங்கிய உடனேயே ஆசனங்கள் தீர்ந்துவிடுகின்றன. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி எல்லவில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வருகின்ற தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும், பாதை சுழன்று தன் நிலையத்துக்குக் கீழேயே நுழைந்து போவதையும் நீங்கள் இருவரும் நல்ல யன்னல் ஆசனத்தில் இருந்து பார்க்கலாம்.

துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குக் கணவரை இழுத்துப் போகாதீர்கள். வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் கரடுமுரடான பாதையில் நடந்து, அதே தூரம் ஏறித் திரும்ப வேண்டும். அவர் முழங்கால் தாங்காது. மற்றவர்களுக்கு அலுவல் தேடிக்கொள்ளச் சொன்னேன். ஆசிரியைக்கு அது தேவையில்லை. பழைய மாணவர் ஒருவருக்கு நீங்கள் வரும் நாளை மட்டும் சொல்லிவிடுங்கள். புகையிரதம் எவ்வளவு தாமதமாக வந்தாலும் பதுளை நிலையத்தில் ஓட்டோவோடு வந்து நிற்பார். அடுத்த இரண்டு நாளும் எங்கே போவது, யார் வீட்டில் சாப்பிடுவது என்பதையெல்லாம் அவர்களே கூடித் தீர்மானித்துவிடுவார்கள், உங்களைக் கேட்கவும் மாட்டார்கள்.